கருவி மங்கும் நேரம்

13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதத்தை இயற்றிய மெய்கண்டார், மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்னும் அந்தக்கரணங்கள், அதாவது அறிவதற்குத் துணைநிற்கும் உட்கருவிகள், உயிர் ஆகா என்றும், ஆயினும் மலம் என்னும் அறியாமை மாசால் மறைப்புண்ட உயிர் கருவிகளின்றி எதையும் அறியமாட்டாது என்றும் வகுத்தார். இவற்றுள் முதற்கூற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நோய் உடம்புக்கே, உயிருக்கு அன்று என நோயாளிக்கு ஆறுதல் கூறுவது அவரது சைவ சித்தாந்தத்தைப் பாதியில் நிறுத்துவதாகும்.

நோயால் அக்கருவிகளே மங்கக்கூடும்: சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இரண்டு மூன்று முறை, ஏறத்தாழ 4 மணி நேரம் இயந்திரத்தின்வழி இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்வோரிடம், அதாவது டயாலிசிஸ் நோயாளிகளிடம், நினைவாற்றலும், அதனினும் மிகுதியாகத் திட்டமிட்டு முடிவெடுக்கும் திறனும் குன்றுவதுண்டு. உடம்பில் தேங்கிய நீர் விரைவாக எடுக்கப்படும்போது இரத்த அழுத்தம் சரிந்து மூளைக்குச் செல்லும் ஓட்டம் குறைவது அதற்கு ஒரு காரணமாதலால், உப்பைக் குறைத்து, எடுக்கவேண்டிய நீரின் அளவையே குறைப்பது மருந்தில்லாக் காப்புகளுள் முதன்மையானது. படுக்கையிலிருந்தபடியே மிதிகட்டையை மிதிப்பதும், மூளைக்குப் பயிற்சிதரும் விளையாட்டுகளும் சிறிய ஆய்வுகளில் நம்பிக்கை தந்துள்ளன.

டயாலிசிஸ் திரவத்தை உடல் வெப்பத்தைவிட 0.5 டிகிரி செல்சியஸ் குளிர்வித்தால் மூளையின் வெண்பொருள் காக்கப்படுகிறது என்று இங்கிலாந்தில் 73 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. கனடாவின் ஒன்ராறியோவில் 84 மையங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வோ, மூளையின் வெண்பொருளை அன்றி இதயநோய் இறப்பையும் மருத்துவமனைச் சேர்க்கையையும் அளந்து, குளிர்விப்பதால் அவை குறையவில்லை என்றும், குளிரால் அவதியுற்றோர் மிகுந்தனர் என்றும் கண்டது. பைக்காராவிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மலைப்பாதையில் டயாலிசிஸுக்காக உதகைக்கு வந்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திப் படுத்திருப்பவருக்கு அந்த அரை டிகிரி சிறிதன்று. அவரைக் கேட்டே வெப்பத்தைக் குறைக்க வேண்டும்.

எப்போது கேட்பது என்பதில்தான் தத்துவம் நடைமுறையைத் தொடுகிறது. அறிவாற்றல் சுத்திகரிப்பின்போது மிகத் தாழ்ந்தும், அதற்குச் சற்று முன்னரும் மறுநாளும் மேம்பட்டும் இருப்பதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால் நோயாளி அசையாது கிடப்பதே வசதியென எண்ணி, மாற்றுச் சிறுநீரகம் பற்றிய விளக்கமும் ஒப்புதல் கையெழுத்தும் அப்போதே முடித்துக்கொள்ளப்படுவதுண்டு. கருவி மங்கியிருக்கையில் பெற்ற இசைவை உயிரின் இசைவு என்று கொள்ள மெய்கண்டாரின் கோட்பாடு இடந்தராது; மறுநாள் வீட்டில் தெளிவோடிருக்கையில் தொலைபேசியிலேனும் மீண்டும் கேட்பதற்கு மருந்தும் வேண்டியதில்லை, செலவும் பெரிதில்லை.