ராத்திரி எத்தனை தடவை?

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பேருந்துக்காகக் காத்திருக்கும் வயதான ஆண்களில் சிலர் டீ குடிக்க மாட்டார்கள். வாங்கிக் கொடுத்தாலும் "இப்பதான் குடிச்சேன்" என்று ஒதுங்கிவிடுவார்கள். மலைப்பாதை வளைவில் வண்டியை நிறுத்தச் சொல்ல நேர்ந்துவிடுமோ என்ற பயம். எனக்கும் புராஸ்டேட் வீங்கிய பிறகுதான் அந்த முகங்களை அடையாளம் தெரிகிறது.

மரவள்ளிக் காட்டில் நிற்கும்வரை தொல்லை இல்லை, எங்கும் ஒதுங்கலாம். கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் நாளில்தான் கஷ்டம். அதனால் இறங்குவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் உறவுக்காரர் கல்யாணம், திருவிழா, கடைசியில் தாகத்துக்குத் தண்ணீர். இந்த நோய் எடுத்துக்கொள்வது இவற்றைத்தான்.

"வயசானா அப்படித்தான்" என்ற பேச்சில் பாதி உண்மை உண்டு. அறுபதை எட்டும் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் புராஸ்டேட் சுரப்பி பெருத்திருக்கும். மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருப்பதால் பெருக்கும்போது வழியை நெருக்குகிறது. இது புற்றுநோய் அல்ல. ஆனால் அறிகுறிகளை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது என்பதால் மருத்துவர் விரலால் தொட்டுப் பார்ப்பார், தேவைப்பட்டால் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் எழுதுவார். டாம்சுலோசின் தசையைத் தளர்த்தும், சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியும். எழுந்ததும் தலை சுற்றலாம், அதனால் இரவில் நிதானமாக எழ வேண்டும். ஃபினாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்கும், ஆனால் மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சில சளி மாத்திரைகள் சிறுநீரை ஒரேயடியாக அடைத்துவிடும். அப்படி அடைத்த வயிற்றோடு நடுராத்திரியில் மலையிறங்குவதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. அதற்குப் பிறகு டியூப் போட்டுத்தான் நீரை எடுக்க முடியும். நாள்பட விட்டால் சிறுநீரகமும் கெடும்.

சிறுவங்கூரில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது எங்கள் மாவட்டத்துக்குப் பெரிய வரம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்த வாசலில் இன்னொரு கேள்வியும் வேண்டும்: "தாத்தா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?" உறுப்பைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஊர் ஆண் வாய் திறக்க மாட்டான். எண்ணிக்கை கேட்டால் சொல்லிவிடுவான். அவன் தயங்கினால் அவன் மனைவி சொல்வாள். எனக்கு அப்படித்தான் நடந்தது. மருத்துவர் கேட்டார், பதில் சொன்னது அவள். பக்கத்தில் படுத்து விழித்தே கிடந்தவளுக்குத்தான் கணக்குத் தெரிந்திருந்தது.

மருந்துக்குக் கட்டுப்படாதவர்களுக்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. சிறுநீர்க்குழாய் வழியாகவே கருவியைச் செலுத்திச் சதையைச் செதுக்கி எடுப்பார்கள், வயிற்றைக் கிழிப்பதில்லை. அதன்பின் பலருக்கு விந்து வெளியே வராமல் மூத்திரப்பைக்குள் போய்விடும். ஆபத்தில்லை, ஆனால் தெரியாமல் இருந்தவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. மருத்துவரும் கூச்சப்பட்டு, நோயாளியும் கூச்சப்பட்டு விட்டுப்போகும் பேச்சு இது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும், மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.