துலாவும் கப்பியும்

யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளில் தண்ணீர் அள்ள இரண்டு வழிகள் இருந்தன. கப்பிக் கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வரும். துலாக் கிணற்றில் கயிற்றைக் கீழே இழுத்தால் வாளியும் கீழே போகும். முகந்த பிறகு துலாவின் பின்பக்கத்துப் பாரம் அதைத் தூக்கித் தரும். கையின் வேலை ஒன்று, வாளி போகும் திசை இரண்டு. இதில் எது இயல்பு என்று கிணற்றடியில் கேள்வி எழவில்லை. மடிக்கணினியின் தொடுபலகையில் எழுந்தது. 2011 யூலையில் வந்த ‘லயன்’ இயங்குதளத்தில் அப்பிள் நிறுவனம் உருட்டும் திசையைத் தலைகீழாக்கியது. அதுவரை இரு விரலைக் கீழே இழுக்கப் பக்கம் மேலே போனது. இப்போது விரலோடு பக்கமும் கீழே வந்தது. மாற்றத்தில் பிழையில்லை. அதற்கு ‘இயற்கையான உருட்டல்’ என்று பெயர் வைத்ததில்தான் வில்லங்கம். விண்டோஸ் அவ்வளவு துணியவில்லை. கீழ் அசைவு மேலே உருட்டவேண்டுமா, கீழே உருட்டவேண்டுமா என்று கேட்பதோடு விட்டுவிட்டது.

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் இந்தப் பெயரைச் சும்மா விடமாட்டார்கள். ஆணவம் செம்பில் களிம்புபோல உயிரோடு என்றும் கூட இருப்பது, சகச மலம். கன்மமும் மாயையும் வந்து சேர்ந்தவை, ஆகந்துகம். அந்தப் பிரிப்பை இரவல் வாங்கிச் சொன்னால், உருட்டும் திசை சகசம் என்று வேடம் போட்ட ஆகந்துகம். அமைப்புகளில் ஒரு பொத்தானைத் தட்ட அது மாறுகிறது. சில நாளில் கையும் மாறிவிடுகிறது. மேசையில் கிடக்கும் தாளை மேலே தள்ளினால் தாள் மேலேதானே போகிறது, அதுதானே இயல்பு என்று கேட்கலாம். தாளில் விரல் படுகிறது. தொடுபலகையில் விரலின் கீழே பக்கம் இல்லை. பழைய முறையும் தன்னளவில் ஒழுங்கானதே. அது பக்கத்தை விட்டுவிட்டுப் பார்க்கும் சட்டத்தை நகர்த்தியது. நயினாதீவுப் படகில் நகர்வது படகா, குறிகட்டுவான் இறங்குதுறையா என்பதைக் கரையில் நிற்பவர் சொல்லிவிடுவார். திரைக்குக் கரை இல்லை.

இதைவிட வலுவான மறுப்பு சுட்டியம்பிலிருந்து வரும். அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறார்கள். விரலை விரைவாக இழுத்தால் அதே தூரத்துக்கு அம்பு கூடுதலாக ஓடுவதையும் கை பொருட்படுத்துவதில்லை. ஆனால் விரல் வலப்பக்கம் போக அம்பு இடப்பக்கம் போகட்டும் என்று கேட்பாரைக் காணோம். அங்கேயாவது இயல்பு என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும்? திசையில் இல்லை. 1890களில் ஜோர்ஜ் ஸ்ரற்றன் என்ற அமெரிக்க உளவியலாளர் உலகைத் தலைகீழாகக் காட்டும் ஆடியை நாட்கணக்கில் அணிந்து, கையும் காலும் அதற்குப் பழகுவதைப் பதிவுசெய்தார். தலைகீழான பார்வைக்கே கை பழகுமென்றால் அம்பு எந்த மூலைக்கு? பக்கத்தை நாம் பொருளாக எதிரே வைத்திருக்கிறோம். அம்பை நாமாகவே எடுத்துக்கொண்டுவிட்டோம், வேறுபாடு அவ்வளவுதான். அம்பு கண்ணில் படாவிட்டால் திரையைத் துழாவுவதற்கு முன் விரலை ஆட்டிப் பார்க்கிறோம், மரத்துப்போன காலை உதறிப் பார்ப்பதுபோல. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தம். செம்பரத்தம்பூவின் அருகே வைத்த பளிங்கு சிவக்கிறது. பூவை எடுத்துவிட்டு நீலத்தை வைத்தால் நீலமாகிறது. கப்பிக்குப் பழகிய கை துலாவடியில் முதல் நாள் தடுமாறுவதும், பிறகு தடுமாற மறந்துபோவதும் அந்தப் பளிங்கின் வேலைதான்.