பழிக்கு ஒரு குரல், மன்னிப்புக்கு ஒரு குரல்

பிறர்மேல் குற்றம் சொல்லும்போது நமக்கு இருக்கிற தொண்டை, நம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது எங்கே போய்விடுகிறது? கொஞ்ச நாளாக இந்தக் கேள்வி என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. இதற்குக் காரணம் பெரிய சம்பவம் ஒன்றுமில்லை. செல்போனில் செருகிக் கேட்கும் நூற்றைம்பது ரூபாய் ஹெட்போன்தான் காரணம். அதில் சத்தம் ஒரு சமயம் ஏறியது. ஒரு சமயம் இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த அவ்வளவுக்குள் இரண்டு மனிதர்களுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேன்.

நான் இருப்பது செஞ்சியில். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய கோட்டையைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். 2025 ஜூலையில் மராட்டியரின் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்த வரிசையில் சேர்ந்தது எங்கள் கோட்டை ஒன்றுதான். 1677-ல் சிவாஜி இதைப் பிடித்தார். பிறகு மொகலாயப் படை ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டு 1698-ல் கைப்பற்றியது. இவையெல்லாம் சரித்திரப் புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால் சுற்றுப்பட்ட கிராமங்களில் போய் இது யார் கோட்டை என்று கேட்டுப் பாருங்கள். தேசிங்கு ராஜன் கோட்டை என்றுதான் பதில் வரும். சில மாதங்களே ஆண்டு, 1714-ல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானோடு போரிட்டு இறந்த அந்த இளைஞனைப் பாட்டும் கூத்துமாக ஜனங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கதையை வைத்து ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்காகப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு கூத்து வாத்தியாரைத் தேடிப் போனேன். எழுபதைத் தாண்டியவர். திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பக்கம் ஆர்மோனியம், மறு பக்கம் மிருதங்கம் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடினார். எதிரே செல்போனை வைத்து அப்படியே பதிவு செய்துகொண்டேன். "மிச்சத்தையும் பாடறேன், அடுத்த வாரம் வாங்க ஐயா" என்று சொல்லி அனுப்பினார். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டால், ஆர்மோனியம் கணீரென்று வருகிறது, மிருதங்கம் வருகிறது, வாத்தியாரின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. சிறிது நேரம் கழித்து மேலே வருகிறது. மறுபடி இறங்குகிறது. நேரில் கேட்டபோது அவர் உருக்கத்தில் மயங்கிவிட்டேன் போலிருக்கிறது, கருவி பொய் சொல்லாதே என்று எண்ணினேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்து, "குரல் போய்விட்டது, வயது" என்று எழுதினேன். அடுத்த வாரம் நான் போகவில்லை.

இது முதல் அநியாயம்.

பிறகு சினிமாப் பாட்டிலும் அதே கதை நடந்தது. பக்க வாத்தியம் இருக்கிறது, பாடுகிறவரைக் காணோம். செய்தி வாசிப்பவர் வாயை மூடிக்கொண்டு பேசுவது போலிருந்தது. சத்தத்தைக் கூட்டும் பொத்தானைக் கடைசிவரை அழுத்தினேன். அப்போது திடீரென்று முழுக் குரலும் திரும்பி வந்து காதில் அறைந்தது. வந்த கோபம் சொல்லி முடியாது. எல்லோருக்குமா குரல் போய்விட்டது, குற்றவாளி இந்த ஹெட்போன்தான் என்று அப்போதே தீர்ப்பு எழுதிவிட்டேன். அந்தத் தீர்ப்பை வாத்தியாருக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. கோபத்துக்கு ஒரு சமயத்தில் ஓர் ஆள் போதும்.

கடைவீதியில் அதை வாங்கிய கடைக்குப் போனேன். விற்ற பையனுக்கு இருபது வயதுக்குள் இருக்கும். "போலிச் சரக்கை ஏன் தலையில் கட்டுகிறாய்? ஏமாற்றிப் பிழைப்பதற்கா கடை வைத்திருக்கிறீர்கள்?" என்று ஆரம்பித்தேன். எழுதுகிறவனுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பார்க்கப் பார்க்க என் குரல் இன்னும் ஏறியது. முதலாளி உள்ளேயிருந்து வந்து, வேறு ஹெட்போன் எடுத்துக் கொடுத்துவிட்டு, "சோதிச்சுக் குடுக்க மாட்டியா? இது உன் சம்பளத்துலதான்" என்று பையனிடம் சொன்னார். அது என் காதில் தெளிவாக விழுந்தது. அப்போது மட்டும் சத்தம் குறையவில்லை. ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை. மனத்தின் ஒரு மூலையில் திருப்திகூட இருந்தது என்பதை மறைத்து என்ன பயன்?

புது ஹெட்போன் இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் அதிலும் குரல் கிணற்றில் இறங்கியது.

மறுபடி கடைக்குப் போனேன், இந்தத் தடவை கூட்டமில்லாத மத்தியான வேளை பார்த்து. பையன் மட்டும் இருந்தான். என் முகத்தில் என்ன கண்டானோ, ஒன்றும் கேட்காமல் ஹெட்போனை வாங்கித் தன் போனில் செருகிக் கேட்டான். சரியாக இருந்தது. தன் ஹெட்போனை என் போனில் செருகிக் கேட்டான். சத்தம் ஏறி இறங்கியது. "ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் சார் மாத்தணும். எல்லாத்தையும் சேத்து மாத்துனா எது கெட்டுதுன்னு தெரியாது" என்றான். பிறகு போனை அணைத்துவிட்டு, பின் செருகும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தான். பல் குத்தும் மரக்குச்சியால் மெதுவாக நெம்பினான். இறுகிப்போன பஞ்சும் நூலுமாக ஒரு சிறு உருண்டை வெளியே வந்து விழுந்தது. அத்தனையும் என் சட்டைப் பையின் பஞ்சு.

"ஊசி, குண்டூசி வச்சுக் குத்திடாதீங்க சார். உள்ள இருக்கற தகடு வளைஞ்சிடும்" என்று மட்டும் சொன்னான்.

நடந்தது இதுதான். அந்தச் சிறு பின்னில் நான்கு பகுதிகள் இருக்கின்றன. நுனி இடக் காதுக்கு. அடுத்த வளையம் வலக் காதுக்கு. மற்ற இரண்டில் ஒன்று நாம் பேசுவதை வாங்கும் மைக்குக்கு. இன்னொன்று இரண்டு காதுக்கும் பொதுவாக மின்சாரம் திரும்பிப் போகும் வழி. துளையின் அடியில் பஞ்சு அடைத்திருந்ததால் பின் முழுதும் உள்ளே போகவில்லை. பொதுவழி பட்டும் படாமலும் இருந்தது. அது விட்டுப்போகும்போது, இரண்டு காதுக்கும் ஒரே மாதிரியாக வரும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டுக்கும் வித்தியாசமாக வரும் ஒலி மட்டுமே மிஞ்சும். பாடுகிறவர் நடுவில் இருப்பதால் அவர் குரல் இரண்டு பக்கமும் சமமாகப் பதிவாகிறது. ஓரங்களில் இருந்த ஆர்மோனியமும் மிருதங்கமும் தப்பிக்க, நடுவில் இருந்த வாத்தியார் மறைந்தார். அவர் குரல் எங்கும் போகவில்லை. என் பையிலிருந்த பஞ்சின் சாட்சியத்தை நம்பி ஒரு கலைஞனின் தொண்டைக்கு மரண சாசனம் எழுதியிருக்கிறேன்!

எல்லாக் கோளாறும் பஞ்சாக இருக்காது என்று பையன் மேலும் விளக்கினான். ஹெட்போன் கம்பியில் இருக்கும் பொத்தான்களைப் போன் அடையாளம் காண்பது மின்தடையை வைத்து. ஆண்ட்ராய்டு போன்களுக்கு வகுத்த முறையில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கு 240 ஓம், குறைக்கும் பொத்தானுக்கு 470 ஓம். வியர்வையோ ஈரமோ அங்கே இறங்கினால், யாரோ பொத்தானை அழுத்துகிறார்கள் என்று போன் நம்பிக் கீழ்ப்படிந்துவிடும். கம்பியில்லாத ப்ளூடூத் வகையில் போனுக்கு ஒரு சத்த அளவு, ஹெட்போனுக்கு ஒரு சத்த அளவு என்று இரண்டு எஜமானர்கள் இருந்து ஒத்துப்போகாமல் தகராறு செய்வதும் உண்டு. சில போன்கள் நம் காதின்மேல் இரக்கப்பட்டுத் தாமாகவே சத்தத்தைக் குறைக்கின்றன. அந்த இரக்கத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் வரை கேட்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கமும் 2018-ல் வரம்பு வகுத்தன. அதற்கு மேல் மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகிவிடும்.

பாருங்கள், கோளாறு துளையில் இருக்கும்போது நான் செய்தது என்ன? சத்தத்தைக் கூட்டினேன். வீட்டுச் சண்டைகளிலும் நாம் செய்வது இதைத்தானே? நம் பேச்சு மற்றவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வழியில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்ப்பதில்லை, குரலை உயர்த்துகிறோம். ராஜகிரி ஏறியவர்களுக்குத் தெரியும்: உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து, ஏறக்குறைய 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஓர் இடைவெளி இருக்கிறது. அதன்மேல் போட்ட மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அத்தனை பெரிய கோட்டைக்கும் தொடர்பு அறுந்துவிடும். அங்கே நின்று எவ்வளவு கத்தினாலும் அக்கரைக்குக் கால் போகாது. பாலத்தைத்தான் போட வேண்டும்.

பையனின் முறையில் எனக்குப் பிடித்த விஷயம், அவன் எதையும் சந்தேகத்திலிருந்து விலக்கவில்லை என்பது. தான் விற்ற சரக்கைத்தான் முதலில் சோதித்தான். நான் வாத்தியாரைச் சந்தேகித்தேன், சரக்கைச் சந்தேகித்தேன், விற்றவனைச் சந்தேகித்தேன். என் போனையும் என் சட்டைப் பையையும் சந்தேகிக்கவே இல்லை. நியாயம் தேடுகிறவன் தன்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றாவிட்டால் அவன் தேடுவது நியாயம் அல்ல, ஆள்.

சரி, தவறு தெரிந்துவிட்டது. பரிகாரம் என்ன? இங்கேதான் கேள்வியே பிறக்கிறது.

நான் பையனிடம், "தம்பி, அன்றைக்குத் தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, ஹெட்போன் விலையை அவன் கையில் வைத்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. கோபமாகவும் பேசவில்லை. மேஜையைத் துடைத்துக்கொண்டே, "அன்னைக்குக் கடையில எட்டுப் பேர் இருந்தாங்க சார்" என்றான்.

எட்டுப் பேர்! நான் எண்ணவில்லை, அவன் எண்ணியிருக்கிறான். திட்டுகிறவனுக்குக் கூட்டம் கூட்டமாகத்தான் தெரிகிறது. திட்டு வாங்குகிறவனுக்கு ஒவ்வொரு முகமும் தனித்தனியாகத் தெரிகிறது.

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "பணத்தைக் கொடுத்துவிட்டு விடுங்கள். திரும்பவும் கடையில் போய்ப் பேசினால் அந்தப் பையனுக்குத்தான் சங்கடம். மன்னிப்புக் கேட்பதிலும் ஆடம்பரம் வந்துவிடும்" என்றார் அவர். அதிலும் உண்மை இருக்கிறது. பலர் மன்னிப்புக் கேட்பது எதிராளியின் காயத்தை ஆற்றுவதற்காக அல்ல, தங்கள் பெருந்தன்மைக்கு மாலை போட்டுக்கொள்வதற்காக. ஆனாலும் நண்பரின் யோசனை எனக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று யோசித்தேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது, அதனால்தான். பையன் கணக்குச் சொன்ன பிறகு, அவனுக்குச் சங்கடம் என்று நான் பேசுவது நாணயம் ஆகாது.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். பழியை எந்தச் சத்தத்தில் சொன்னோமோ அந்தச் சத்தத்தில்தான் அதைத் திருப்பி வாங்க வேண்டும். ரகசியமாகச் செய்த பிழைக்கு ரகசியத் திருத்தம் போதும். வீதியில் செய்த பிழைக்கு வீதியிலேதான் திருத்தம். வாத்தியாருக்கு நான் இழைத்த தீங்கு நோட்டுப் புத்தகத்தோடு நின்றது. அதை அவரிடம் விஸ்தாரமாகச் சொன்னால் இல்லாத புண்ணை உண்டாக்கியதாகும். ஆகவே அந்த வரியை அடித்துவிட்டு, மறுநாளே அவர் திண்ணைக்குப் போனேன். சொன்ன வாரத்தில் வராததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டேன். "போன வாரம் பூரா ஆர்மோனியக்காரர உக்கார வச்சிருந்தேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, மிச்சக் கதையைப் பாடினார். அந்த ஒரு வாரத்தை நான் எதைக் கொடுத்து ஈடு செய்வேன்?

கடைக்கு ஒரு சாயங்காலம் போனேன். முதலாளி இருந்தார். வாசலிலிருந்தே, அன்று ஏறியிருந்த அதே அளவுக்குக் குரலை ஏற்றி, "குறை உங்கள் சரக்கில் இல்லை, இந்தத் தம்பியிடமும் இல்லை. என் போனில் பஞ்சு அடைத்திருந்தது. நான் பேசியது தப்பு. அவர் சம்பளத்தில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அந்த விலையை நான் தருகிறேன்" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. திட்டியபோது எவ்வளவு சரளமாக வந்தது, இப்போது இரண்டு இடத்தில் நாக்குக் குழறியது. முதலாளி சிரித்துக்கொண்டே பணத்தை வாங்கி, அதைப் பையன் கையில் கொடுத்தார். பையன் தலை நிமிர்ந்து, என்னையல்ல, கடையில் நின்றவர்களைப் பார்த்தான். நானும் அன்றுதான் எண்ணினேன். மூன்று பேர்.

மீதி ஐந்து பேரை நான் எங்கே போய்த் தேடுவேன்? அவர்களில் இரண்டொருவர் அந்தப் பையனைப் பார்க்கும்போதெல்லாம் போலிச் சரக்கு விற்கிறவன் என்று இன்றும் நினைத்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கடன் தீரவில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதியிருக்கிறேன். அவர்கள் பத்திரிகை படிக்கிறவர்களாக இருக்க வேண்டுமே என்பதுதான் என் கவலை.