எறும்பு வரையிலும்

பங்குனி மாதத்தில் ஒரு வாரம், சித்தூர் மாவட்டம் பலமநேருக்கு அருகிலுள்ள கிராமத்தில் ஓர் அன்பரின் இல்லத்தில் தங்கும் வாய்ப்பு கிடைத்தது. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. பெரியவர், அவருடைய மனைவி, மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் என்று மூன்று தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பம். பின்பக்கம் மாந்தோப்பு, அதையடுத்துத் தக்காளித் தோட்டம். அதற்கப்பால் கௌண்டின்யா சரணாலயத்தைச் சேர்ந்த குன்றுகள்.

வசந்தம் அந்த வீட்டைச் சூழ்ந்திருந்தது. வேம்பு பூத்துத் திண்ணையெங்கும் உதிர்ந்து கிடந்தது. புங்கமரம் பளபளக்கும் தளிர்களோடு நின்றது. மாமரங்களில் பிஞ்சுகள் திரண்டிருந்தன. குயில் விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிவிடும். ஜபத்திற்கு எழுபவனுக்கு அது துணையா, இடையூறா என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது!

திண்ணை விளக்கின் ஒயரில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியிருந்தது. அதனால் இருபது நாட்களாக அந்த விளக்கை யாரும் போடவில்லை. வைக்கோற்போரின் அடியில் ஒரு சாரைப்பாம்பு குடியிருந்தது. எலிகளைப் பிடிப்பதால் அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஆனால் இரவில் கட்டுவிரியன் வரக்கூடும் என்பதால் குழந்தைகளைத் தரையில் படுக்க விடமாட்டார்கள். கட்டிலும் கொசுவலையும் கட்டாயம். பாட்டியம்மாள் தினமும் பச்சரிசி மாவில்தான் கோலமிடுவார். எந்த உயிர் எதுவரை வரலாம் என்பதற்கு எழுதப்படாத ஓர் ஒழுங்கு அங்கே இருந்தது. அன்போடு எச்சரிக்கையும் கலந்த ஒழுங்கு அது.

மூன்றாம் நாள் இரவு யானைகள் வந்தன.

இருளில் தகரம் தட்டும் ஓசையும், தோட்டத்தில் கிளை முறியும் ஓசையும் கேட்டன. பெரியவர் என்னை வீட்டைவிட்டு வெளியே வர அனுமதிக்கவில்லை. காலையில் பார்த்தபோது தக்காளியில் அரை ஏக்கருக்குமேல் மிதிபட்டிருந்தது. சொட்டுநீர்க் குழாய்கள் பிடுங்கி எறியப்பட்டிருந்தன. தாத்தா நட்ட மாமரம் ஒன்று பாதியாகப் பிளந்து கிடந்தது. மகன் குழாய்த் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார்: "சாமி, மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுத்து வேலியில் கரண்ட் விட்டால் அது பாவமா?"

பெரியவர், "சாமியிடம் கேட்கிற கேள்வியா இது?" என்று அதட்டினார். உண்மையில் அதுதான் சாமியிடம் கேட்க வேண்டிய கேள்வி. வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது சட்டப்படி குற்றம், இருட்டில் வரும் பக்கத்து வீட்டுக்காரரும் அதில் சாகக்கூடும் என்று சொன்னேன். "அது தெரியும் சாமி. நான் கேட்டது பாவமா என்று" என்றார். மேற்கொண்டு சொல்ல என்னிடம் உடனடியாக எதுவும் இல்லை.

அந்த வாரம் என் பையில் பிருஹதாரண்யக உபநிஷதத்தின் மொழிபெயர்ப்புத் தாள்கள் இருந்தன. முதல் அத்தியாயத்தின் நான்காம் பகுதியில், இல்லறத்தான் எவ்வாறு எல்லா உயிர்களுக்கும் உலகமாக, அதாவது வாழும் இடமாக, ஆகிறான் என்பதை விளக்கும் ஒரு மந்திரம் உண்டு. வேள்வியால் அவன் தேவர்களுக்கு உலகமாகிறான். வேதம் ஓதுவதால் ரிஷிகளுக்கும், நீத்தார் கடனாலும் மக்கட்பேற்றை விரும்புவதாலும் முன்னோர்க்கும், இடமும் உணவும் தருவதால் மனிதர்க்கும், புல்லும் நீரும் தருவதால் கால்நடைகளுக்கும் உலகமாகிறான். இறுதியாக அவனது வீட்டை அண்டி வாழ்கிற காட்டு விலங்குகள், பறவைகள், எறும்பு வரையிலுமான உயிர்கள் சொல்லப்படுகின்றன.

மொழிபெயர்ப்பவனை நிறுத்தும் ஓர் இடம் இங்கே இருக்கிறது. முந்தைய வாக்கியங்கள் எல்லாவற்றிலும் எழுவாய் இல்லறத்தான்: அவன் வேட்கிறான், ஓதுகிறான், தருகிறான். கடைசி வாக்கியத்தில் மட்டும் எழுவாய் மாறிவிடுகிறது. அங்கே விலங்குகள் வாழ்கின்றன; அவன் எதையும் தருவதாகச் சொல்லப்படவில்லை. என் முதல் வரைவில், ஓசை ஒத்து வரட்டும் என்று 'உணவளிப்பதால்' என்றே எழுதியிருந்தேன். திண்ணையில் அமர்ந்து அந்தச் சொல்லை அடித்தேன். மனிதனுக்கும் மாட்டுக்கும் நாம் தருகிறோம். காட்டு உயிர்க்கு நாம் தருவதில்லை. அது தானாக வந்து எடுத்துக்கொள்கிறது. நாம் வாழ விடுகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு தர்மங்கள். கொடுப்பதில் கொடுப்பவனுக்கு ஒரு பெருமை உண்டு, அளவை முடிவு செய்யும் அதிகாரமும் உண்டு. வாழ விடுவதில் இரண்டும் இல்லை.

இப்படி அறிந்தவனுக்கு எல்லா உயிர்களும் நலம் நாடுகின்றன என்று அந்த மந்திரம் தொடர்கிறது. இதை நான் படித்துச் சொன்னபோது மகன் சிரித்தார். "இது யானைக்குத் தெரியுமா சாமி?"

கேலி நியாயமானது. இப்பகுதியில் மக்கள் உயிரிழந்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் சந்திரகிரிப் பகுதியில் யானைகளை விரட்டச் சென்ற ஒருவர் மாண்டார். மின்கம்பிகளில் சிக்கி யானைகளும் பலமுறை மாண்டிருக்கின்றன. காடு யாருடையது, முதலில் வந்தவர் யார் என்ற வாதம் இங்கே எளிதில் தீராது. ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆந்திரத்தில் காட்டு யானையே இல்லை என்பர். 1980-களில்தான் ஓசூர், தருமபுரிப் பக்கத்துக் காடுகளிலிருந்து அவை குப்பம் வழியாக வந்தன. அங்கே காடு துண்டுபட்டதும் வறட்சியும் அவற்றை நகர்த்தின. குடியாத்தத்தைத் தாண்டிப் பாலாற்றில் கலக்கும் கௌண்டின்யா நதியின் பெயரால் 1990-இல் சுமார் 358 சதுர கிலோமீட்டரில் சரணாலயம் உருவாயிற்று. பெரியவரின் தந்தை இந்த நிலத்தை உழுதபோது யானையைக் கோயிலில் மட்டுமே பார்த்தவர். ஆகவே 'யானையின் வீட்டில் நீங்கள் குடியேறினீர்கள்' என்று இவர்களிடம் சொல்வது முழு உண்மையாகாது. யானையை அதன் வீட்டிலிருந்து வெளியேற்றியவர்கள் வேறு யாரோ. அதற்கு வாடகை செலுத்துபவர்கள் இவர்கள்.

அந்த வாரம் முடிந்ததும் திருப்பதி சென்று அலிபிரியிலிருந்து படியேறினேன். அங்கே இக்கேள்விக்கு வேறொரு முகம் தெரிந்தது. சேஷாசலக் காட்டின் வழியே ஏறும் அப்பாதையில் 2023 ஜூன் மாதம் ஒரு சிறுவனைச் சிறுத்தை கவ்விச் சென்றது, அவன் பிழைத்தான். ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பிழைக்கவில்லை. பின்னர்ச் சில சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன, பக்தர்களுக்குக் கைத்தடிகள் தரப்பட்டன. இவற்றோடு, வழியில் குரங்குகளுக்கும் மான்களுக்கும் தீனி போடக்கூடாது என்றும் தேவஸ்தானம் அறிவித்தது. உணவும் எச்சிலும் கிடைக்கும் இடத்தில் சிறு விலங்குகள் கூடுகின்றன. அவை கூடும் இடத்திற்குச் சிறுத்தை வருகிறது. வாழைப்பழம் நீட்டிய கை கருணையோடுதான் நீட்டியது. ஆயினும் இடம், காலம், பெறுபவரின் தகுதி ஆகியவற்றை நோக்காத தானத்தைக் கீதை உத்தமம் என்று ஏற்பதில்லை. ஒரு பழத்தில் புண்ணியம் தேடிக்கொண்டு நாம் மலையேறிவிடுகிறோம். நம் பின்னால் வரும் குழந்தைக்கு அதன் விளைவு போய்ச் சேர்கிறது.

படியேறுகையில் பலமநேர் மகனின் கேள்வி உடன் வந்தது. கரண்ட் விடுவது பாவமே. அதில் எனக்கு ஐயமில்லை. என்னை உறுத்தியது வேறு. அஹிம்சையை நான் சொன்னேன். அதற்கு அரை ஏக்கரை அவர் இழந்தார். 2025-இல் தோத்தாபுரி மாம்பழ விலை சரிந்து, அரசே கிலோவுக்கு 4 ரூபாய் உதவித்தொகை தர நேர்ந்த மாவட்டம் இது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் என்று இல்லத்தில் ஐந்து கொலைக்களங்கள் இருப்பதாக மநு கூறுகிறார். அதற்கு ஈடாகவே நாள்தோறும் ஐந்து வேள்விகள். நகரத்தில் வாழும் நமது அடுப்புக்கு வரும் தக்காளியும் பலமநேர் போன்ற ஒரு காட்டோரத்திலிருந்துதான் வருகிறது. எனில் அந்தக் கொலைக்களம் நம் வீட்டிலும் இருக்கிறது. பயிர் இழந்தவருக்கு அரசு தரும் இழப்பீட்டை நாம் சலுகை என்கிறோம். அது நாம் செலுத்த வேண்டிய பூத யஜ்ஞத்தின் பங்கு. காலம் தாழ்த்தாமல் செலுத்த வேண்டியது. கொல்லாமையைப் பேசும் அதிகாரத்திலேயே பகிர்ந்துண்பதையும் வள்ளுவர் சேர்த்து வைத்ததன் பொருத்தம் இப்போது விளங்குகிறது.

ஒரு மாதம் கழித்து மகனோடு தொலைபேசியில் பேசினேன். சுற்றியுள்ள தோட்டக்காரர்கள் சேர்ந்து முறை வைத்துப் பரணில் காவல் இருக்கிறார்களாம். யானை இறங்கினால் ஒருவருக்கொருவர் செய்தி சொல்கிறார்களாம். 2025 மே மாதம் கர்நாடகம் தந்த நான்கு கும்கிகள் பலமநேர் முகாமிற்கு வந்ததில் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை. இழப்பீட்டுக்கு மனு கொடுத்திருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை. தேன்சிட்டுக் குஞ்சுகள் பறந்துவிட்டன, திண்ணை விளக்கைப் போட்டாயிற்று என்று பாட்டியம்மாள் சொல்லச் சொன்னாராம்.

"கம்பி?" என்று கேட்டேன்.

"சுருட்டி மோட்டார் அறையில் மாட்டியிருக்கிறேன், சாமி" என்றார். "விற்கவில்லை."