குளிரைப் பொறுத்தலும் குளிரை அறியாமையும்

குளிரும் வெப்பமும் புலன்கள் பொருள்களைத் தொடுவதால் வந்து போவன, ஆதலால் அவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று பகவத்கீதையின் 2ஆம் அத்தியாயத்தில் அர்ச்சுனனுக்கு அறிவுறுத்தப்படுகிறது. துறவு மரபுகள் பலவும் இதை நோன்பாகவே கைக்கொண்டன. பனியில் வெற்று மேனியோடு அமர்ந்திருக்கும் தவசியைக் கண்டு, அவருக்குக் குளிரே தெரியவில்லை என்று மக்கள் வியப்பதுண்டு. எனினும், பொறுப்பதும் தெரியாமலிருப்பதும் ஒன்றுதானா என்பது ஆராயத்தக்க வினா. இதற்கு உடலியல் தரும் சான்று சமயச் சிந்தனைக்கு மிகவும் பயன்படக்கூடியது.

தோலின் நரம்பு முனைகள் உணர்ந்த குளிர், உடல்வெப்பத்தைச் சீராக்கும் மூளைப் பகுதியாகிய ஹைப்போதலாமஸை எட்டியதும், அங்கிருந்து தண்டுவடம் வழியே தசைகளுக்கு ஆணை இறங்குகிறது. தசைகள் விரைந்து சுருங்கித் தளர்வதாகிய நடுக்கம், ஓய்வில் பிறக்கும் வெப்பத்தை ஏறத்தாழ ஐந்து மடங்கு வரை பெருக்க வல்லது. தசைக்குக் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையும் கொழுப்பும் கைவசம் உண்டு. உடல் எடையில் 2 விழுக்காடே ஆன மூளையோ, ஓய்விலுள்ள உடலின் ஆற்றலில் 20 விழுக்காட்டைச் செலவிட்டும், சொல்லத்தக்க சேமிப்பின்றி, இரத்தம் கொண்டுவரும் குளுக்கோஸை நம்பியே இயங்குகிறது.

1981இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், குளிரூட்டப்பட்டவர்களின் இரத்தச் சர்க்கரை இன்சுலினால் குறைக்கப்பட்டபோது, அவர்களுடைய நடுக்கம் நின்றது. உள்வெப்பம் இறங்கிக்கொண்டிருந்தும் குளிர்கிறது என்ற உணர்வே அவர்களிடம் இல்லை. நரம்பில் குளுக்கோஸ் செலுத்தியதும், சில நொடிகளில் நடுக்கம் திரும்பியது. இரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்தியிருந்த காலும் நடுங்கியது. அந்தக் காலின் தசைக்குப் புதிய சர்க்கரை போய்ச் சேர வழியில்லை என்பதால், பட்டினி கிடந்தவை ஆணையிடும் நரம்பணுக்களே என்பது தெளிவாயிற்று.

நோன்பிருப்போர்க்கெல்லாம் இந்நிலை நேரும் என்பதன்று. நீண்ட பட்டினியில் மூளை, கொழுப்பிலிருந்து பிறக்கும் கீட்டோன்களைக் கொண்டும் வாழப் பழகிவிடுகிறது. ஆயினும், குளிர் தெரியாமை மட்டுமே ஆன்மிக உயர்வுக்கு அடையாளமாகாது என்பதை இவ்வாய்வு ஐயமின்றிக் காட்டுகிறது. பொறுமைக்கு, பொறுக்கப்படும் துன்பம் உணரப்பட்டாக வேண்டும். உணர்வு அவிந்த இடத்தில் பொறுக்க எதுவுமில்லை, பொறுப்பவரும் இல்லை.

உணர்வு குளுக்கோஸைச் சார்ந்ததென்றால் ஆன்மா எதற்கு என்று கேட்போர்க்கு, மெய்கண்டார் வழிவந்த சைவ சித்தாந்தம் 13ஆம் நூற்றாண்டிலேயே தக்க விடை வைத்திருக்கிறது. உயிர் தானாக எதையும் அறிவதில்லை, கருவிகளாகிய பொறி புலன்களும் மனம் முதலியனவும் கூடினால்தான் அறியும் என்பது அதன் கொள்கை. கருவிகள் கூடி உயிர் இன்ப துன்பங்களை நுகரும் நிலை சகலம் எனப்படும். உயிரைப் பிணித்த அழுக்காகிய மலம் நீங்கி, அருளால் அறியும் நிலை சுத்தம். கருவிகள் ஏதுமின்றி ஆணவம் என்னும் மலத்தின் இருளில் ஒன்றும் அறியாது கிடக்கும் நிலை கேவலம். கேவலத்திலும் சுத்தத்திலும் புலன்வழித் துன்பம் இல்லாமையால், வெளியிலிருந்து காண்பவர் ஒன்றை மற்றொன்றாக மயங்கக்கூடும். சர்க்கரை குறைந்து நடுக்கம் நின்ற உடலின் அமைதியைச் சித்தாந்தி கேவலத்தின் பக்கமே வைப்பார்.