சும்மாதானே இருந்தீங்க?

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் ஒரு டேங்கர் லாரி டிரைவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். (கண்ணை மூடினால் எப்படிப் படிப்பது என்று கேட்காதீர்கள்.) நம்ம ஊரில் இல்லை. அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டிய வடக்கு டக்கோட்டா மாநிலம். வில்லிஸ்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய் வயல்.

ஜனவரி மாதம். ராத்திரி இரண்டு மணி. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிர். உங்கள் லாரியில் 130 பீப்பாய் தண்ணீர் இருக்கிறது. பீப்பாய்க்கு 159 லிட்டர். கணக்குப் போட்டால் இருபதாயிரம் லிட்டருக்கு மேலே போகும். கிணற்றிலிருந்து எண்ணெயோடு சேர்ந்து வந்த தண்ணீர் அது. கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு கரிக்கும். வயலில் கொட்டினால் வயல் போச்சு. அதனால் அதைத் திரும்பப் பூமிக்குள் அனுப்புவதற்கென்றே ஆழமான கிணறுகள் தோண்டி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு கிணற்றின் வாசலில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் பன்னிரண்டு லாரி.

குளிருக்குப் பயந்து என்ஜினை அணைக்க முடியாது. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை வரிசை ஒரு லாரி நீளம் நகரும். கண் அசந்தால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். இப்படியே நாலு மணி நேரம். அப்புறம் தண்ணீரை இறக்கிவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்ப வேண்டும்.

இப்போது சொல்லுங்கள். அந்த நாலு மணி நேரம் நீங்கள் வேலை பார்த்தீர்களா, ஓய்வெடுத்தீர்களா?

பட்டிமன்றத் தலைப்பு மாதிரி இருக்கிறது, இல்லையா? ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஓர் அரசாங்கமே திண்டாடியிருக்கிறது.

அந்தப் பக்கத்துப் பூமிக்கடியில் பாக்கன் என்று ஒரு பாறை அடுக்கு. தண்ணீரையும் மணலையும் பயங்கர அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, பாறையை விரிசல் விடவைத்து எண்ணெய் எடுக்கிறார்கள். 2012-ல் அலாஸ்காவையே முந்தி, டெக்ஸாஸுக்கு அடுத்த இடத்துக்கு வந்தது வடக்கு டக்கோட்டா. ஒரு கிணற்றைத் தயார் செய்யவே ஆயிரம் நடைக்கு மேல் லாரி ஓட வேண்டியிருந்தது. பிறகு பல இடங்களில் குழாய் போட்டார்கள். லாரிகள் குறைந்தன, ஒழிந்துவிடவில்லை.

அமெரிக்க லாரி டிரைவருக்குச் சட்டம் கறாரானது. பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலையை ஆரம்பித்தால், 14 மணி நேரத்துக்குள் ஓட்டி முடித்துவிட வேண்டும். அதற்குள்ளும் ஸ்டியரிங் பிடிப்பது 11 மணி நேரம்தான். எண்ணெய் வயலுக்கு மட்டும் இதில் ஒரு சலுகை கொடுத்தார்கள். கிணற்று வேலைக்கென்றே விசேஷமாகச் செய்த வண்டி, அதற்கென்று பயிற்சி பெற்ற டிரைவர் என்றால், கிணற்றடியில் காத்திருக்கும் நேரம் அந்த 14 மணியில் சேராது. 'டியூட்டியில் இல்லை' என்று எழுதிக்கொள்ளலாம். தண்ணீர் லாரிக்கும் மணல் லாரிக்கும் இந்தச் சலுகை பொருந்தாது என்று 2012-ல் விளக்கம் கொடுத்தார்கள்.

ஒரே கிணற்றடியில் பம்ப் வண்டிக்காரரும் தண்ணீர் லாரிக்காரரும் பக்கத்துப் பக்கத்தில் காத்திருக்கிறார்கள். இருவருக்கும் அதே குளிர், அதே கொட்டாவி. ஆனால் ஒருவர் ஓய்வெடுக்கிறார், இன்னொருவர் வேலை பார்க்கிறார். காகிதத்தில் அப்படித்தான்!

நான் பி.காம். படித்தவன். காஸ்ட் அக்கவுன்டிங் பேப்பரில் 'ஐடில் டைம்' என்று ஒரு பாடம் உண்டு. மெஷின் ரிப்பேர், கரன்ட் கட் என்று தொழிலாளி சும்மா இருக்க நேர்ந்தால் அந்தக் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது? சாதாரணமாக நடக்கிற தாமதம் என்றால் பொருளின் அடக்க விலையில் சேரும். அசாதாரணமானது என்றால் லாப நஷ்டக் கணக்குக்குப் போகும். இரண்டிலும் கூலி கொடுத்தாகிவிட்டது என்பதைக் கவனியுங்கள். கூலியும் இல்லை, ஓய்வும் இல்லை என்ற மூன்றாவது வகையை எங்கள் புரொபசர் நடத்தவே இல்லை. அது பரீட்சைக்கு வராது போலிருக்கிறது.

இந்த வழக்கு 1944-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. டெக்ஸாஸில், ஃபோர்ட் வொர்த்தில் ஓர் இறைச்சித் தொழிற்சாலை. பகல் வேலை முடிந்த ஏழு பேர், வாரத்தில் மூன்று நாலு ராத்திரி அங்கேயே தங்க வேண்டும். தீப்பிடித்து அலாரம் அடித்தால் ஓட வேண்டும். படுக்கை, ரேடியோ, விளையாட மேஜை எல்லாம் உண்டு. ஓடினால் காசு, ஓடாவிட்டால் கிடையாது. படுத்துக்கிடந்ததற்கு என்ன சம்பளம் என்று கீழ்க் கோர்ட்டுகள் கைவிரித்துவிட்டன. உச்ச நீதிமன்றமோ, காத்திருப்பதும் வேலையாக இருக்கலாம் என்றது. ஒருவன் வேலைக்காகக் காத்திருக்கிறானா, அல்லது காத்திருப்பதற்காகவே அமர்த்தப்பட்டானா என்று ஒவ்வொரு வழக்கிலும் பார்க்கச் சொன்னது.

நம் ஊர் மட்டும் லேசுப்பட்டதா? 1961-ல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். முதலாளியின் வசம் இருக்கும் நேரம் வேலை நேரம் என்று தாராளமாக ஆரம்பித்தார்கள். டெர்மினலில் வெறுமனே ஆஜராக இருப்பதும் அதில் சேரும், ஆனால் பதினைந்து நிமிஷத்துக்குக் குறைவாக இருந்தால்! பதினாறாவது நிமிஷத்தில் டிரைவர் யாராக மாறுகிறார்? எனக்கு இன்றுவரை புரியவில்லை. புதிய தொழிலாளர் தொகுப்பு வந்தபோது அந்தச் சட்டம் அதில் கரைந்துபோனது.

சரி, எதிர்க் கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. காத்திருக்கும்போது டிரைவர் போனில் படம் பார்க்கிறார், குட்டித் தூக்கம் போடுகிறார். எல்லாவற்றையும் வேலை என்றால் யாருக்குக் கட்டுப்படியாகும்? இன்னும் ஒரு படி மேலே போய், நடைக் கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவரே சொல்வார்: "ஓய்வுன்னே எழுதிக்குங்க சார், இன்னொரு நடை அடிச்சுக்கறேன்." அவரே சம்மதித்த பிறகு, குறுக்கே பேச நாம் யார்?

இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. அவர் விட்டுக்கொடுப்பது அவருடைய கூலியை மட்டுமா? விடியற்காலையில் எதிரே பள்ளிக்கூட வேன் வரும். அந்த வேனில் இருப்பவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. 2003 முதல் 2013 வரை அமெரிக்க எண்ணெய், எரிவாயு வேலையில் 1,189 பேர் இறந்திருக்கிறார்கள். அதில் நூற்றுக்கு நாற்பது பேர் செத்தது போக்குவரத்தில். எல்லாமே தூக்கக் கலக்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துளையிடும் கோபுரத்தையும் தீயையும்விட ரோடுதான் அதிகம் பேரைக் கொன்றது.

கூலி வேறு, ஓய்வு வேறு. காத்திருப்புக்குக் காசு கொடுத்துவிட்டால் மட்டும் அது ஓய்வாகிவிடாது. என்னை எழுப்பாதீர்கள் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் ஓய்வு. இல்லையென்றால், மெத்தையே போட்டுக்கொடுத்தாலும் அது டியூட்டிதான்.

பெரிய ஞானி மாதிரி பேசுகிறேனே, இதை நான் கற்றுக்கொண்டது திண்டிவனத்துக்குப் பக்கத்தில்.

சென்னையிலிருந்து கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு வாடகைக் காரில் போயிருந்தோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பி, அன்றைக்கு ராத்திரியே திரும்புவதாகத் திட்டம். டிரைவருக்கு முப்பது வயது இருக்கும். மண்டபத்தில் டிபன் சாப்பிடச் சொல்லிவிட்டு, "ஏழு மணி வரைக்கும் நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அப்புறம் மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை, பெரியம்மாவை லாட்ஜில் விட. இரண்டாவது, தாம்பூலப் பைகளை ஏற்ற. மூன்றாவது, வண்டி எங்கே நிற்கிறது என்று சும்மா தெரிந்துகொள்ள.

ராத்திரி பன்னிரண்டு மணி சுமாருக்கு வண்டி மெதுவாக இடப்பக்கம் சாய்ந்தது. மண்ணில் சக்கரம் ஏறிய சத்தத்தில் என் மனைவி அலறினாள். அவர் எப்படியோ சமாளித்து நிறுத்திவிட்டார். இறங்கியதும் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "பகல் பூரா சும்மாதானே இருந்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. "எங்க சார், நீங்க எப்பக் கூப்பிடுவீங்களோன்னு போனைக் கையிலேயே வெச்சிருந்தேன்" என்றார்.

டீக்கடை பெஞ்சில் அவரை இரண்டு மணி நேரம் தூங்கவைத்துவிட்டு, நாங்கள் கொசுவோடு விழித்திருந்தோம்.

போன மாதம் வேலூருக்கு ஒரு கிரகப்பிரவேசம். வேறு கார், வேறு டிரைவர். இறங்கும்போதே சொன்னேன்: "நாலு மணி வரைக்கும் நான் போன் பண்ண மாட்டேன். போனை ஆஃப் பண்ணிட்டுத் தூங்குங்க."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "அப்ப வெயிட்டிங் சார்ஜ் கிடையாதா சார்?"

உண்டு என்று அவரை நம்பவைக்க எனக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று.