முகத்திற்கு உரியவர் யார்?

தெமோதரைப் புகையிரத நிலையத்தைப் பற்றி மலையகத்தில் வாய்மொழிக் கதை ஒன்று வழங்குகின்றது. எல்லவிலிருந்து இறங்கிவரும் பாதையை அச்செங்குத்தான மலைச்சரிவில் எவ்வாறு கொண்டுசெல்வதென்று அறியாது பொறியியலாளர் ஒருவர் திகைத்து நின்றாராம். அவ்வேளை தோட்டத்துக் கங்காணி ஒருவர் தம் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் சுற்றிக் கட்டினாராம். அதனைக் கண்ட பொறியியலாளருக்குப் பாதையையும் அவ்வாறே சுற்றிவிடலாம் என்ற எண்ணம் உதித்ததாம். நிலையத்தைக் கடந்த பாதை மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு நேர்கீழே உள்ள சுரங்கத்தின் வழியாகச் செல்லுமாறு அங்கு அமைக்கப்பட்டுள்ளது. கதை மெய்யோ புனைவோ, அதில் ஒன்று நோக்கத்தக்கது. பயன் பார்த்தவருக்குக் கிடைத்தது. பார்க்கப்பட்டவருக்குக் கதையிலும் பெயர் இல்லை.

ஒருவரைப் பார்ப்பதனால் மற்றொருவர் அடையும் பயனில் பார்க்கப்பட்டவருக்கு உரிமை உண்டா? இவ்வினா பழையதே. எனினும் சமூக வலைத்தளங்கள் தோன்றி, அவற்றின் வழியே வணிகம் வளர்ந்த காலத்தில் அது புதிய வலுவுடன் எழுந்தது.

2004இல் பல்கலைக்கழக மாணவரிடையே தொடங்கிய பேஸ்புக், 2006இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2007 நவம்பரில் வணிக நிலையங்கள் தமக்கெனப் பக்கங்களை அமைத்துக்கொள்ள அது வழிசெய்தது. 2010இல் படங்களுக்கென்றே இன்ஸ்டகிராம் தோன்றியது. அதற்கு முன்னர் தம் தொழிலை அறிவிக்க விரும்பியோர் பத்திரிகைக்கோ வானொலிக்கோ பணம் செலுத்த வேண்டியிருந்தது. முதல் இல்லாதவனுக்குக் குரலும் இல்லை என்பதே அன்றைய நிலை. புதிய தளங்கள் அந்நிலையை மாற்றின. வீட்டின் ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுபவரும், முச்சக்கர வண்டி ஓட்டுபவரும் செலவின்றித் தம்மை உலகுக்கு அறிவிக்க முடிந்தது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம், பயணிகள் எடுத்த படங்கள் கைக்குக் கை மாறத் தொடங்கியபின் உலகறிந்த காட்சியாயிற்று. அதனால் அயலிலுள்ள சிறு வணிகர்க்குப் பிழைப்பு உண்டாயிற்று. இந்நன்மையை மறுத்தல் நேர்மையாகாது.

ஆயின் இவ்வணிகம் எதனை முதலாகக் கொண்டது என்பதை ஆராய வேண்டும். பத்திரிகை விளம்பரத்தை வாசிப்பவர் அது வணிகனின் கூற்று என்று அறிந்தே வாசிக்கிறார். வலைத்தளத்திலோ விளம்பரம் நண்பனின் முகத்தோடு வந்தது. 2011இல் பேஸ்புக் நிறுவனம், ஒருவர் ஒரு பொருளை விரும்பினார் என்ற செய்தியை அவருடைய பெயருடனும் படத்துடனும் விளம்பரமாக்கி அவர்தம் நண்பர்களுக்குக் காட்டும் முறையைத் தொடங்கியது. சம்மதமின்றித் தம் முகத்தை விற்றதாகப் பயனர் சிலர் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தனர். 2013இல் அவ்வழக்கு 2 கோடி டொலர் இழப்பீட்டு உடன்பாட்டில் முடிவுற்றது. முகம் அதனை உடையவருக்கே உரியது, பிறர் அதனை வணிகத்துக்குக் கொள்ளுமுன் கேட்க வேண்டும் என்பதே அவ்வழக்காளரின் வாதத்தின் சாரம்.

இதே அளவுகோலை ஊவா மலைகளில் வைத்து நோக்கினால் காண்பது யாது? 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். விளம்பரக் கலையில் அவர் தம் காலத்துக்கு முற்பட்டவர். கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் இலங்கைத் தேயிலையின் விளம்பரச் சின்னமாக உலகெங்கும் பரவிற்று. அவளிடம் எவரும் சம்மதம் கேட்டதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. அவள் உருவம் எல்லாத் துறைமுகங்களையும் தடையின்றிக் கடந்தது. அவளைப் போன்ற பலருக்கோ தமதென்று சொல்ல ஒரு நாடும் இருக்கவில்லை.

வலைத்தளக் காலம் இவ்வழக்கத்தைத் தோற்றுவிக்கவில்லை. ஒரு நிறுவனத்தின் கையிலிருந்ததை எல்லோருடைய கையிலும் கொடுத்தது. இன்று விடுதி நடத்துபவரும் பயண முகவரும் தேயிலை விற்பவரும் கூடை சுமந்த அதே பெண்ணின் படத்தைத் தம் பக்கங்களில் இடுகின்றனர்.

படமெடுத்ததால் அவள் இழந்தது யாது என்று சிலர் வினவுவர். பார்ப்பதால் மலை தேய்வதில்லை, முகமும் தேய்வதில்லை என்பர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. எனினும் இழப்பு ஒன்றே அநீதியின் அளவுகோல் அன்று. மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் கொள்ளலாகாது, அவனையே குறிக்கோளாகவும் மதிக்க வேண்டும் என்றார் ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற். வள்ளுவர் வணிகர்க்குரிய நெறியை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததும் கருதத்தக்கது. பயணி ஒருவர் நினைவுக்காக எடுத்த படம் வேறு. அதனைக் கொண்டு ஊதியம் தேடுவது வேறு. பின்னதில் அவள் உழைப்பில் பங்காளி ஆகிறாள். பயனில் மட்டும் ஆகவில்லை.

உண்மை பற்றிய குறையும் உண்டு. புன்னகைக்கும் முகம் மலைவாழ்வு இனியது என்று சொல்கிறது. நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்ததை அது சொல்வதில்லை. படம் பொய்யன்று, ஆயினும் அதன் மௌனத்தால் விற்பவனுக்கு ஆதாயம் உண்டு.

அவ்வாறாயின் படமெடுத்தலையே தடைசெய்வதா? அது தீர்வாகாது. காணப்படாத மக்களின் துயரும் காணப்படாது போகும். கேட்டு எடுத்தல், உள்ளதை மறையாது சொல்லல், பயனில் பங்களித்தல் என்ற மூன்றுமே வேண்டப்படுவன. இவற்றினும் மேலானது, படத்தில் இருந்தவரே படத்தை எடுப்பவராதல். லயன் அறையிற் பிறந்த இளைஞன் தன் ஊரையும் தாயின் தொழிலையும் தன் மொழியில் உலகுக்குக் காட்டத் தொடங்கும்போது, பார்க்கப்பட்டவர் சொல்பவராகிறார்.

அவனும் ஓர் உண்மையை மறத்தலாகாது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயன் அறைக்கு உறுதி இல்லாதது போலவே, வலைத்தளத்தில் அவன் அமைக்கும் கடைக்கும் உறுதி இல்லை. நிலம் பிறருடையது, விதியும் பிறருடையது. 2004இல் தொடங்கிய ஓர்க்குட் தளம் 2014இல் மூடப்பட்டபோது, அங்கு கூடியிருந்தோர் யாவரும் வெளியேற நேர்ந்தது. ஆகவே அவன் தேட வேண்டிய முதல், பார்ப்போரின் தொகையன்று. தளம் மறைந்தாலும் மறையாத நம்பிக்கையே.

கங்காணி தலைப்பாகையைச் சுற்றியபோது தன்னை ஒருவர் பார்க்கிறார் என்பதை அறிந்திருக்கமாட்டார். இன்று பார்க்கப்படுவோர் அதனை அறிவர். அறிந்தவரிடம் கேளாது எடுப்பதற்கு, தெரியாது செய்தோம் என்ற சமாதானம் இனிப் பொருந்தாது.